காயமில்லாமல் இருக்கட்டும்

ஃபிகர் ஸ்கேட்டிங் உலகத்துக்கு ஜூலை 1 வருடப் பிறப்பு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் கணக்குப்படி ஒரு பருவம் அன்று தொடங்கி, மறு வருடம் ஜூன் 30இல் முடிகிறது. ஜப்பானிலும் கனடாவிலும் வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நாளில் பனிக்குப் புது வருடம் பிறக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அன்றைக்கு விழா கிடையாது, போட்டியும் கிடையாது. மார்ச்சில் உலக சாம்பியன்ஷிப் முடிந்துவிடும். இலையுதிர் காலத்தில்தான் பெரிய போட்டிகள் களைகட்டும். இடையில் உள்ள மாதங்களில் ஸ்கேட்டருக்கு இருப்பது பயிற்சி, ரசிகருக்கு இருப்பது பேச்சு.

என்ன பேசுவார்கள்? இந்தப் பருவத்துக்கு எந்த இசையை எடுப்பார், நடனத்தை யார் அமைத்துத் தருவார், நான்கு சுற்றுத் தாவல் எத்தனை வைப்பார், போன வருடம் வலித்த கால் சரியாகிவிட்டதா, புது ஷூ பழகிவிட்டதா. எதற்கும் கையில் ஆதாரம் இருக்காது. பயிற்சித் தளத்தின் கதவு சாத்தியிருக்கும். எப்போதாவது ஒரு செய்தித்தாளில் நாலு வரி வரும், கோடையில் நடக்கும் ஐஸ் ஷோவில் ஒரு தாவல் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தையே கட்டி எழுப்பிவிடுவார்கள்.

என் சித்தி மகள் யோகோஹாமாவில் குடியிருக்கிறாள். கணினி வேலைக்குப் போன இடத்தில் இந்தப் பித்து அவளைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய ஆள் யுசுரு ஹன்யூ. செண்டாய் நகரத்துக்காரர், 1994 டிசம்பரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே ஆஸ்துமா. அக்கா ஸ்கேட்டிங் போவதைப் பார்த்துத் தானும் நான்கு வயதில் பனியில் இறங்கியவர். 2014இல் சோச்சி, 2018இல் பியோங்சாங் என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்குவது, அமெரிக்காவின் டிக் பட்டன் 1948, 1952இல் வாங்கியதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. இந்த விவரமெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொலைபேசியில் அவள் பேசப் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தது விளையாட்டைப் பற்றி மட்டும் அல்ல என்று போகப் போகப் புரிந்தது. காணாத ஒன்றின்மேல் ஒருவர் எப்படி அன்பு வைக்கிறார், அந்த அன்பு வருடா வருடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதை நிறுத்துகிறது என்பதைப் பற்றி அவள் தன்னையறியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் அந்தக் கதவுக்கு உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

கான்கிரீட் தரைக்குள் ஓடும் குழாய்களில் குளிரூட்டிய உப்புநீர். அதன்மேல் மெல்லிய படலம் படலமாகத் தண்ணீர் விட்டு உறைய வைத்த சில சென்டிமீட்டர் பனி. அதற்கு மேலே நாலு மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள ஒரு பிளேடு. அந்த பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் வாய்க்கால்போல் குழிந்து, இரண்டு ஓரங்களிலும் கூராக இருக்கும். உள் ஓரம், வெளி ஓரம் என்று ஸ்கேட்டர்கள் பேசுவது இதைத்தான். நேராக நின்றால் இரண்டிலும் நிற்கலாம். ஆனால் கலை முழுவதும் சாய்வில் இருக்கிறது. எந்த ஓரத்தில் சாய்கிறோம், எவ்வளவு நம்பிச் சாய்கிறோம் என்பதில்தான் வளைவு பிறக்கிறது. தாவல் என்பது ஒரு விநாடிகூட நீடிக்காது. அதற்குள் உடம்பு நான்கு முறை சுழன்று, உடல் எடையைப்போல் பல மடங்கு பளுவை ஒற்றைக் காலில் வாங்கிக்கொண்டு, பின்பக்கமாக வழுக்கிப் போக வேண்டும். கோடையில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். செய்கிறார்கள் என்பதைவிட விழுகிறார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். புதுத் தாவல் கற்கும் காலத்தில் நின்றதைவிட விழுந்ததே அதிகம். எழுந்து, இடுப்பில் ஒட்டிய பனித்தூளைத் தட்டிவிட்டு, அதே தடத்தில் மறுபடி வேகம் எடுக்க வேண்டும்.

பயிற்சி நேரம் முடிந்ததும் ஒரு வண்டி வரும். பனியின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, பின்னாலேயே வெந்நீரைப் பரப்பிக்கொண்டு போகும். பச்சைத் தண்ணீர் விட்டால் என்ன என்று தோன்றும். வெந்நீர்தான் பழைய பனியைச் சற்று இளக்கி அதோடு ஒன்றாக உறையும். பிளேடு கீறிய பள்ளங்கள் நிரம்பிவிடும். காலை முழுவதும் விழுந்த இடம், நின்ற இடம், அழுத இடம் எல்லாம் சில நிமிஷத்தில் ஒரே கண்ணாடி. பனி எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. உடம்புதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கலைக்கு ‘ஃபிகர்’ என்ற அடைமொழி வந்த கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் போட்டியின் பெரும்பங்கு, பனியில் பிளேடால் எட்டு வடிவமும் அதன் கிளை வடிவங்களும் வரைவதுதான். ஒரு காலில் நின்று ஒரு வட்டம். அதே கோட்டின்மேல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. கோடு பிசகக் கூடாது. வரைந்து முடித்து ஸ்கேட்டர் விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கிக் குனிந்து அந்தத் தடத்தைப் பார்ப்பார்கள். வாசல் கோலத்தைப்போல, அன்றைக்கு வரைந்து அன்றைக்கே அழியும் வேலை. பார்வையாளர் அநேகமாக இருக்க மாட்டார்கள். இசை இல்லை, கைதட்டல் இல்லை. 1990ஆம் ஆண்டு உலக சாம்பியன்ஷிப்போடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்கு அது ஒத்துவரவில்லை. எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரே கோட்டின்மேல் மூன்றாம் முறை போகிற மனத்தை அது பழக்கியிருக்கும் அல்லவா? இன்றைக்கும் கோடைப் பயிற்சியில் மிச்சம் இருப்பது அந்த மனம்தான்.

அந்தக் கோட்டு வித்தையின் உச்சம் 1972, ஜப்பானின் சப்போரோவில் நடந்த ஒலிம்பிக். ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா கோடுகளில் எட்டாத தூரம் முன்னே போய்விட்டார். சுதந்திர ஆட்டத்தில் பின்தங்கியும் தங்கம் அவருக்கே. வெண்கலம் வாங்கியவர் ஜேனட் லின் என்ற அமெரிக்கப் பெண். அவர் ஆடும்போது ஒரு சுழற்சியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜப்பான் மொத்தமும் அந்தச் சிரிப்பிடம் தன்னைக் கொடுத்துவிட்டது. தங்கம் வாங்கியவரைவிட விழுந்தவரைத்தான் அந்த நாடு பல வருடங்கள் கொண்டாடியது. பின்னாளில் ஜப்பானிய ரசிகர்கள் தங்கள் ஸ்கேட்டர்கள்மேல் காட்டும் அந்தக் கனிவுக்கு விதை அங்கே விழுந்ததோ என்று எனக்குத் தோன்றும். நிரூபிக்க முடியாத யூகம்தான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஹன்யூவிடமிருந்து பனி இரண்டு முறை பறிபோயிருக்கிறது. முதல் முறை பத்து வயதை ஒட்டி. அவர் பழகிய செண்டாய் பனித்தளத்தைப் பணக் கஷ்டத்தால் மூடிவிட்டார்கள். அதே தளத்தில் பழகிய ஷிசுகா அரகாவா 2006இல் ஜப்பானுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்த பிறகு, 2007இல் அது மறுபடி திறந்தது. இரண்டாம் முறை 2011 மார்ச் 11. பதினாறு வயதுப் பையன் தளத்தில் பயிற்சியில் இருக்கும்போதுதான் அந்தப் பெரும் பூகம்பம். காலில் ஸ்கேட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வெளியே ஓடினார். குடும்பத்தோடு சில நாட்கள் தஞ்சம் புகுந்தோர் முகாமில் இருந்தார். ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. அந்த இரவில் வானத்தில் தெரிந்த நட்சத்திரங்களைப் பற்றிப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவ்வளவு நட்சத்திரங்களை அதற்குமுன் அவர் பார்த்ததில்லை.

ஊர் சிதறிக் கிடக்கும்போது நான் ஸ்கேட்டிங் செய்வதா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. நியாயமான கேள்வி. எந்தச் சாதகனுக்கும் ஒரு நாள் இது வரும். பக்கத்து வீடு எரியும்போது நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதா? அவருக்குக் கிடைத்த பதில் ஒரு நடைமுறைப் பதில். ஏப்ரலில் கோபே நகரில் நடந்த நிதி திரட்டும் ஐஸ் ஷோவில் ஆடினார். அதன்பின் அந்தக் கோடை முழுவதும் ஊர் ஊராகச் சுமார் 60 ஷோக்கள். சொந்தத் தளம் மூடிக் கிடந்ததால் ஷோவே அவருக்குப் பயிற்சி ஆனது. விளக்குகளை மங்கலாக்கிய அரங்கத்தில், காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால், நான்கு சுற்றுத் தாவலை முயன்று பார்த்தார். விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். கதவு சாத்திய பயிற்சிக்கு வழியில்லாமல் போனவனுக்குத் திறந்த வெளியே குகையாயிற்று. மறு மார்ச்சில், பிரான்சின் நீஸ் நகரில், முதன்முதலாக ஆடிய உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அந்த வருடமே கனடாவுக்குக் குடிபெயர்ந்து, டொராண்டோவில் பயிற்சியாளர் பிரையன் ஓர்சரிடம் சேர்ந்தார்.

இனி 2017 ஆகஸ்ட். ஒலிம்பிக் பருவத்துக்கு முந்திய கோடை. ரசிகர்கள் மத்தியில் அந்த ஆண்டு நடந்த பேச்சுக்கு அளவே கிடையாதாம். எந்த இசை, எந்த இசை என்று மாதக் கணக்கில் யூகம். டொராண்டோவில் பத்திரிகையாளர்களைப் பயிற்சித் தளத்துக்குள் விட்ட நாளில் விஷயம் வெளியானது. குறும் ஆட்டத்துக்கு ஷோபேனின் முதல் பலாட். அதற்கு முன்பே இரண்டு பருவங்கள் ஆடியது. நீள் ஆட்டத்துக்கு ‘செய்மெய்’. 2015இல் ஆடி உலக சாதனைகளை உடைத்தது. இரண்டுமே பழைய உருப்படி.

“எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கலைக்கா” என்றாள் என் தங்கை. “புதுசா ஒண்ணு வரும்னு மூணு மாசமா காத்துக்கிட்டு இருந்தேன். திரும்பவும் அதையேவா?”

எனக்கு அவள் சொன்னது சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் கூசவும் செய்தது. நாமும் கோயிலுக்குப் போய்ப் புதிதாக எதையோ எதிர்பார்க்கிறவர்கள்தானே. புதிய ஸ்தலம், புதிய பரிகாரம், புதிய விரதம். குரு கொடுத்த ஒற்றை நாமத்தை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால், இவருக்கு அலுக்கவில்லையா என்றுதான் முதலில் தோன்றுகிறது. அலுப்பு என்பது நாமத்தில் இல்லை, சொல்கிற வாயில் இருக்கிறது. மேலாகச் சொல்கிற வரைக்கும் அது அலுக்கும். இன்னும் ஓரடி உள்ளே இறங்கினால் அதே நாமம் முன்பு காட்டாத ஒன்றைக் காட்டும். ஹன்யூவுக்கு அந்த இரண்டு இசையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ‘செய்மெய்’ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஜப்பானிய அரசவையில் நாளும் கோளும் பார்த்த அபே நோ செய்மெய் என்பவரைப் பற்றிய திரைப்படத்தின் இசை. அந்த ஆட்டம் ஒரு மூச்சின் ஒலியோடு தொடங்கும். அது அவருடைய சொந்த மூச்சு, பதிவு செய்து இசைக்கு முன்னால் சேர்த்தது. ஒரே உருப்படியை மறுபடி எடுத்தவர் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் தன் பழைய மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார். இரண்டு வருடத்துக்கு முந்திய தன் மூச்சைக் கேட்டுக்கொண்டு இன்றைய மூச்சை இழுப்பது எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நவம்பர் 9, ஓசாகா. போட்டிக்கு முன் பயிற்சியில் நான்கு சுற்று லுட்ஸ் என்ற தாவலில் விழுந்தார். வலது கணுக்காலின் தசைநார் அறுபட்டது. அந்தப் போட்டி போயிற்று, அடுத்ததும் போயிற்று, டிசம்பரில் தேசிய சாம்பியன்ஷிப்பும் போயிற்று. ஒலிம்பிக் பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களில் அவரிடமிருந்து செய்தி ஏறக்குறைய வரவே இல்லை. பனியில் இறங்கிவிட்டாரா, தாவுகிறாரா, எதுவும் தெரியாது.

என் தங்கை அந்த டிசம்பரில்தான் கோபேக்குப் போனாள். கோபேயில் யுசுருஹா என்று ஒரு பழைய ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. பெயர் இவர் பெயரோடு ஒத்துப்போவதால் ரசிகர்களுக்கு அது யாத்திரைத் தலமாகிவிட்டது. 2011இல், பனித்தளம் இல்லாமல் ஊர் சுற்றிய அந்தக் கோடையில், அவரும் அங்கே வந்து வேண்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே வேண்டுதலை ஒரு சிறு மரப்பலகையில் எழுதிக் கட்டித் தொங்கவிடுவார்கள். எமா என்று பெயர். நம் ஊரில் அரசமரத்தில் தொட்டில் கட்டுகிற நெருக்கம் அந்த இடத்தில் தெரிந்தது என்றாள். கியோட்டோவில் செய்மெய்யின் பெயரிலேயே இருக்கும் ஆலயத்திலும் இப்படித்தானாம்.

“என்ன எழுதினே?” என்று கேட்டேன்.

“தங்கம்னு எழுதத்தான்கா போனேன். பேனாவைத் திறந்துட்டேன். பக்கத்துல தொங்கினதைப் படிச்சேன். எல்லாத்துலயும் ஒரே வேண்டுதல். காயமில்லாமல் இருக்கட்டும், கால் வலி இல்லாமல் ஆடட்டும், அவ்வளவுதான். வயசான ஒரு அம்மா எழுதிக்கிட்டு இருந்தாங்க, அவங்களும் அதையேதான் எழுதினாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. நானும் அதையே எழுதிக் கட்டிட்டு வந்தேன்.”

அதைக் கேட்டபோது எனக்குப் பெரியாழ்வார் நினைவுக்கு வந்தார். மதுரையில் பாண்டியன் சபையில் பரதத்துவம் இன்னது என்று நிலைநாட்டி, பொற்கிழி பெற்று, யானைமேல் ஊர்வலம் வரும்போது, பெருமாள் கருடன்மேல் பிராட்டியோடு வந்து காட்சி கொடுத்தார் என்பது சம்பிரதாயம். நம்மில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஏதாவது கேட்டிருப்போம். மோட்சமாவது கேட்டிருப்போம். ஆழ்வாருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு அழகாக எல்லார் கண்ணிலும் படும்படி வந்து நிற்கிறாரே, கண்ணேறு பட்டுவிடப் போகிறதே என்று பதறி, எல்லாரையும் காக்கிறவனுக்கே காப்பிட்டுப் பல்லாண்டு பாடினார். மற்ற ஆழ்வார்களைவிட இவருக்கு ஒரு படி ஏற்றம் சொல்வது இந்தப் பரிவுக்காகத்தான்.

பனியில் சறுக்கும் இளைஞனையும் பெருமாளையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் பார்ப்பது அன்பு போகிற வழியை. அது எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரிதான் கனிகிறது. தொடக்கத்தில் ‘எனக்கு’ என்று கேட்கும். என் ஆள் ஜெயிக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஜெயித்தால் நான் ஜெயித்தேன். இந்த இடத்திலேயே நின்றுவிடுகிற ரசிகர்களும் உண்டு. எதிராளியைத் தூற்றுவது, நடுவரைச் சபிப்பது எல்லாம் இங்கேதான் முளைக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் தாண்டினால், அழகாக ஆட வேண்டும் என்று மட்டும் கேட்கத் தோன்றும். இன்னும் கொஞ்சம் தாண்டியவர்கள் அந்த மரப்பலகையில் எழுதியவர்கள். அதில் ‘நான்’ இல்லை. பதக்கம் இல்லை. ஆட்டம்கூட அதில் இரண்டாம் பட்சம்தான். ஆண்டவனுக்குக் கண்ணேறு படாது என்று தெரிந்தும் பாடிய ஆழ்வாரின் பதற்றம் அறிவுக்கு எட்டாதது. ஸ்கேட்டரின் கணுக்காலோ நிஜமாகவே அறுபடக்கூடியது. எனவே இவர்களுடைய பல்லாண்டுக்கு இன்னும் கொஞ்சம் காரணம் இருக்கிறது.

2018 பிப்ரவரி 16, காங்நுங் அரங்கம். மூன்று மாதங்களுக்குமேல் எந்தப் போட்டியும் இல்லாமல் நேராக ஒலிம்பிக்கில் இறங்கி, ஷோபேன் இசைக்கு ஆடி 111.68. மறுநாள் ‘செய்மெய்’, 206.17. மொத்தம் 317.85, தங்கம். அலுத்துப்போன உருப்படி என்று யாரும் அன்று சொல்லவில்லை. முழுசாகப் பயிற்சி செய்ய முடியாத உடம்பைத் தாங்கியது எத்தனையோ நாள் ஒரே கோட்டில் போய்வந்த பழக்கம்தான் என்று நான் நம்புகிறேன். புது உருப்படியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆடி முடித்ததும் குனிந்து வலது கணுக்காலைத் தொட்டார். அதற்கு நன்றி சொன்னாராம். எப்போதும் பனியையும் கைவைத்துத் தொட்டு வணங்குகிறவர் அவர். பார்வையாளர்கள் வீசிய ‘வின்னி த பூ’ கரடிப் பொம்மைகள் தளம் முழுவதும் மழையாகக் கொட்டின. அவற்றை அந்த ஊர்க் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

கதையை இங்கே முடித்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் எனக்கு அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையே முக்கியம்.

2020. தொற்று உலகத்தை முடக்கிய வருடம். டொராண்டோவுக்குப் போக முடியவில்லை. செண்டாயில், பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல், தனியாகப் பயிற்சி செய்தார். ஆஸ்துமாக்காரருக்குத் தொற்று பயம் வேறு. தான் ஒரு போட்டிக்குக் கிளம்பினால் பின்னாலேயே எத்தனையோ பேர் கிளம்புவார்கள் என்பதையும் யோசித்து, கிராண்ட் பிரீ போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். அந்த மாதங்களைப் பற்றிப் பிறகு அவர் வெளிப்படையாகப் பேசினார். தாவல்கள் எதுவும் கூடவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்றே தெரியவில்லை. இருட்டுக் குழியின் அடியில் விழுந்து கிடப்பதைப்போல் இருந்தது. இரண்டு தங்கம் வாங்கியவர் சொன்னது இது. முதல் பதக்கத்துக்கு முந்திய வறட்சியைத் தாங்கிக்கொள்ளலாம், கண்முன் இலக்கு இருக்கிறது. எல்லாம் கிடைத்த பிறகு வரும் வறட்சி வேறு மாதிரி. சித்தர்களிலிருந்து ஞானிகள் வரை எல்லாரும் அந்தப் பாழ்வெளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

அவரை மேலே கொண்டுவந்தது புதுத் தாவல் அல்ல. ஒரு நாள், போட்டிக்கு வேண்டாத பழைய உருப்படி ஒன்றைச் சும்மா ஆடிப் பார்த்தார். ‘வசந்தமே வா’ என்று பொருள்படும் ஒரு ஜப்பானியப் பாட்டு, பியானோவில் வாசித்தது. மதிப்பெண் இல்லை, பார்ப்பவர் இல்லை. ஆடும்போது, எனக்கு இது பிடித்திருக்கிறது என்ற பழைய எண்ணம் மட்டும் திரும்பி வந்ததாம். அந்த டிசம்பரில் நாகானோவில் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றார். வென்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான்கு வயதில் பனியில் இறங்கிய குழந்தை இன்னும் உள்ளே இருக்கிறதா என்று ஒருவர் தட்டிப் பார்த்ததும், உள்ளிருந்து பதில் வந்ததும்தான் பெரிது.

பிறகு நாலரைச் சுற்று. ஆக்சல் என்ற தாவல் மட்டும்தான் முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டு எழும்புவது. இறங்குவதோ பின்பக்கமாக. அதனால் அரைச் சுற்று கூடுதல். நார்வேயின் ஆக்சல் பால்சன் 1882இல் வியன்னாவில் செய்து காட்டிய தாவல் அது. அதில் நான்கரைச் சுற்றை அதுவரை உலகில் யாரும் போட்டியில் நிறுத்திக் காட்டியிருக்கவில்லை. அதைத்தான் ஹன்யூ வருடக் கணக்கில் தாவித் தாவி விழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கோடையிலும் ரசிகர்களின் முதல் கேள்வி, இந்த வருடம் வருமா?

2022 பெய்ஜிங். குறும் ஆட்டத்தின் முதல் தாவலிலேயே பனியில் இருந்த ஒரு குழியில் பிளேடு சிக்கியது. நான்கு சுற்று ஒற்றைச் சுற்றாகச் சுருங்கியது. எட்டாம் இடம். பனிக்கு நம்மேல் கோபமோ என்பதுபோல் சொல்லிச் சிரித்தார். காலமெல்லாம் தொட்டு வணங்கிய பனி! ஒருவர் வாழ்நாள் முழுக்க வழிபட்ட ஒன்று, வேண்டிய நாளில் காலை வாரினால் என்ன செய்வது? இரண்டு நாள் கழித்து நீள் ஆட்டத்தில், அடிபட்ட கணுக்காலோடு, நாலரைச் சுற்றுக்கு எழும்பினார். சுற்று முழுமை பெறவில்லை, விழுந்தார். ஆனாலும் நாலரைச் சுற்று முயற்சி என்று நடுவர்களின் தாளில் பதிவானது, உலகில் முதல் முறையாக. மொத்தத்தில் நான்காம் இடம். பதக்கத்தை எண்ணியிருந்தால் அந்தத் தாவலை விட்டிருக்கலாம். கடைசி நாள் காட்சி ஆட்டத்துக்கு அவர் எடுத்தது ‘வசந்தமே வா’.

அந்த ஜூலை 19இல், அதாவது புதுப் பருவம் பிறந்து மூன்றாம் வாரத்தில், இனிப் போட்டிகளில் ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். செப்டம்பர் 14இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில், இலியா மாலினின் என்ற பதினேழு வயதுப் பையன் நாலரைச் சுற்றைச் சுத்தமாக நிறுத்தினான். தன்னைத் தூண்டியது ஹன்யூதான் என்று அவனே சொன்னான். என் தங்கைக்கு அன்று வருத்தமா என்று கேட்டேன். “ஒரு நிமிஷம் இருந்துச்சுக்கா. அப்புறம் அந்தப் பையன் கால் பத்திரமா இருக்கணுமேன்னு தோணிடுச்சு. வளர்ற வயசு, இடுப்பு என்னத்துக்கு ஆகும்?” என்றாள். மாலினினுக்கும் சேர்த்துப் பல்லாண்டு பாட ஆரம்பித்துவிட்டாள்.

போட்டி இல்லாதவருக்கு ஜூலை 1 எதற்கு? பருவமே இல்லை. ஆனாலும் அவர் பயிற்சியை விட்டதாகத் தெரியவில்லை. 2023 பிப்ரவரியில் டோக்கியோ டோமில் 35,000 பேர் முன்னால் தன்னந்தனியாக ஒரு முழு நிகழ்ச்சியை ஆடினார். நாலு நிமிஷத்துக்குப் பழகிய உடம்பை மணிக்கணக்கில் ஆடப் பழக்க வேண்டியிருந்தது. அந்த மார்ச்சில் செண்டாயை ஒட்டிய ரிஃபு ஊரில், பூகம்பத்தின்போது சடலங்களை வைத்திருந்த அதே அரங்கத்தில், ‘நட்சத்திர இரவு’ என்று பொருள்படும் இத்தாலியப் பெயரில் ஒரு நினைவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதன்பின் வந்த மார்ச் மாதங்களிலும் அது தொடர்ந்தது. டிக்கெட்டு குலுக்கல் முறையில்தான். என் தங்கைக்கு ஒரு முறை கிடைத்தது, மற்றபடி சினிமா அரங்கத்தில் நேரலை.

போன வாரம் பேசினாள். யோகோஹாமாவில் புழுக்கம் தாங்கவில்லையாம். ரசிகத் தோழிகள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த நிகழ்ச்சி எப்போது, எந்த இசை, இந்த வயதில் நான்கு சுற்றை விட்டுவிடுவாரா என்று மதியம் முழுக்கப் பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

“என்ன முடிவுக்கு வந்தீங்க?” என்றேன்.

“ஒண்ணும் தெரியாதுக்கா. அவரா சொன்னாத்தான் உண்டு. இப்பப் பயிற்சியில இருப்பார்” என்றாள்.